தட்டில் வளர்ந்த கணவர்

செருப்புக் கடைக்கு மேலே முதல் மாடி. குறுகலான படியேறினால் நீளமான ஒரு கூடம். வாசலில் ஒரு பலகை: "இறந்தவர்கள் எங்கும் போகவில்லை. இங்கே வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்."

படித்துவிட்டுச் சிரித்தவர்கள் இறங்கிப் போனார்கள். அழுதவர்கள் ஏறினார்கள். ஏறியவர்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வரிசை படிக்கட்டிலிருந்து வழிந்து, செருப்புக் கடையைத் தாண்டி, மருந்துக் கடையைத் தாண்டி, பேருந்து நிறுத்தம் வரை போகும். பேருந்துக்கு நின்ற ஒருவர் வரிசை தெரியாமல் மாறி நின்று, மாடியேறி, செத்துப்போன மாமனாரோடு பேசிவிட்டு வந்தார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. மாமனார் உயிரோடு இருந்தபோது அவரோடு பேச்சுவார்த்தையே கிடையாது என்பது வேறு விஷயம். செத்தால்தான் சில பேருக்கு மரியாதை.

இவ்வளவு கூட்டத்தையும் கூட்டியவர் செல்லையா. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, யாருக்கும் ஞாபகமில்லை. முன்பு அதே தெருவில் செல்போன் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் செல் ஐயா. கொஞ்ச காலம் ஆளைக் காணவில்லை. திரும்பி வந்தபோது வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தாடி, மூக்கு நுனியில் ஒரு கண்ணாடி. இனிமேல் இறந்தவர்களின் மூளைச் செல்லை வளர்க்கப் போவதாகச் சொன்னார். மறுபடியும் செல் ஐயா. தொழிலை மாற்றியும் பெயரை மாற்ற வேண்டாத பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அவருடைய அறிவியல் ரொம்பச் சுலபமானது. இறந்தவரின் சீப்பில் சிக்கிய ஒரு முடியைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அந்த முடியிலிருந்து மூளைச் செல்லை எடுத்துக் கண்ணாடித் தட்டில் போடுவார். மேலே இளஞ்சிவப்பாக ஒரு திரவம் ஊற்றுவார். செல் வளரும், கிளை விடும், ஒன்றோடொன்று கைகோக்கும். கைகோத்ததும் நினைவு திரும்பும். நினைவு திரும்பியதும் பேசும். எந்த மொழியில்? செல்மொழியில். செல்மொழி தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இந்தத் தெருவிலேயே இருந்தது நம்முடைய அதிர்ஷ்டம்.

கூடத்துக்குள் நுழையும்போதே கைபேசியை வாங்கிக் கூடையில் போட்டுவிடுவார்கள். "செல் இருக்கிற இடத்துல செல் ஆகாது" என்பார் வாசலில் நிற்பவர். உள்ளே விளக்கு மங்கல். மேசை மேல் நீல வெல்வெட்டு. வெல்வெட்டின் மேல் தட்டு. தட்டிலிருந்து ஒரு வயர். பின்னால் பெரிய திரையில் கிளை கிளையாக, இழை இழையாக ஒரு படம், மெல்ல அசைந்துகொண்டிருக்கும். அழகான படம். அதை யாரும் மறுக்க முடியாது. கேள்வி கேட்டதும் ஒலிபெருக்கியில் 'பட்... படபட... பட்' என்று சத்தம் வரும். செல்லையா கண்ணை மூடிக் கேட்பார். பிறகு மொழிபெயர்ப்பார்.

முன்வரிசை நாற்காலி ஒன்று எப்போதும் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவருக்கு. சாட்சிக் கூண்டில் ஏறியவர்களையெல்லாம் "நீ நேர்ல பாத்தியா? உனக்கு யார் சொன்னா?" என்று வியர்க்க வைத்தவர். செல்லையாவின் முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய மனைவி தட்டிலிருந்து, "குளிர்ல வெளிய போகாதீங்க" என்றாராம். "அவளேதான்! அவளேதான்!" என்று நீதிபதி குலுங்கி அழுதார். குளிரில் வெளியே போகாதே என்று சொல்லாத மனைவி எந்த வீட்டில் இருக்கிறாள் என்று அவர் யோசிக்கவில்லை. யோசிப்பதிலிருந்தும் சேர்த்தே ஓய்வு பெற்றிருந்தார்.

அந்தக் கூட்டத்தில்தான் நம்முடைய கணக்கு டீச்சரும் இருந்தார்.

டீச்சரின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பி, வாசலில் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. மாரடைப்பு. சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. நேரம் இருந்திருந்தாலும் அவர் பெரிதாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். 'ம்', 'சரி', 'வரேன்', இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு ஒரு குடும்பமே நடத்தியவர் அவர்.

தட்டில் ஏறிய பிறகுதான் அவருக்கு வாய் திறந்தது. "என் உயிரின் உயிரே! நீ இல்லாத இந்தத் தட்டு எனக்கு ஒரு பாலைவனம்!" என்றார். செல்லையா மொழிபெயர்ப்பில்தான். டீச்சர் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். விடை சரியாக இருந்தாலும் வழிமுறை எழுதாவிட்டால் மார்க் கிடையாது என்று பிள்ளைகளை உலுக்கும் டீச்சர், இந்த ஒரு விடைக்கு மட்டும் வழிமுறை கேட்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்த வாக்கியம். எப்படி வந்தது என்று கேட்டால் போய்விடுமோ என்று பயம்.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். ஒரு பெண் தன் துக்கத்துக்குக் கூலி கொடுத்து ஆறுதல் வாங்குகிறாள், நமக்கென்ன என்று இருக்கலாம். கையிலிருந்த வளையல்கள் ஒவ்வொன்றாக வெல்வெட்டுப் பக்கம் நகர்ந்ததைக்கூடப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கலாம். ஆனால் டீச்சருக்கு ஒரு மகள் இருந்தாள். துறுதுறுவென்று இருக்கும் சின்னப் பெண். வலிப்பு நோய் உண்டு. காலையிலும் ராத்திரியிலும் மாத்திரை போட்டால் ஒன்றும் வராது. மற்றப் பிள்ளைகளைப் போல ஓடலாம், சண்டை போடலாம், வீட்டுப்பாடத்தை மறக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டு படபடத்தது. செல்லையா நீண்ட நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"குழந்தைக்கு மாத்திரை குடுக்கறீங்களா?"

டீச்சர் திடுக்கிட்டார். "ஆமாங்கய்யா. உங்களுக்கு எப்படி...?"

எப்படியென்றால், போன வாரம் வரிசையில் நிற்கும்போது டீச்சரே பக்கத்திலிருந்த அம்மாளிடம் சொன்னார். வரிசையில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் ஆட்களுக்குக் காதும் உண்டு.

"அப்பா சொல்றாரு. 'அந்த மாத்திரை என் பொண்ணோட மூளையைக் கட்டிப்போடுது. நான் அவகிட்ட வர முடியல. நிறுத்து.' இதுக்குப் பதிலா என்ன குடுக்கணும்னும் அவரே சொல்றாரு."

பதிலுக்குக் கொடுக்க வேண்டியது 'நினைவு நீர்'. தட்டில் ஊற்றிய அதே இளஞ்சிவப்பு நீர். குப்பியில் அடைத்து, கூடத்தின் மூலையிலேயே கிடைக்கும். அப்பாக்கள் அப்படித்தான், எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் ஏற்பாடு செய்துவிட்டுத்தான் சொல்வார்கள்.

மாத்திரை அட்டைகளைக் குப்பைக் கூடையில் முதலில் பார்த்தவள் டீச்சரின் நாத்தனார், அதாவது செத்துப்போன லிஃப்ட் மெக்கானிக்கின் தங்கை. அவளுக்கு வேலை ஓர் ஆய்வகத்தில். என்ன வேலை? சிரிக்காதீர்கள். கண்ணாடித் தட்டில் நரம்புச் செல்களை வளர்க்கிற வேலை. நிஜமாகவே.

"அண்ணி, இது என்ன?"

"உங்க அண்ணன்தான் நிறுத்தச் சொன்னாரு."

"அண்ணன் செத்துட்டாரு அண்ணி."

"உனக்குத்தான் செத்துட்டாரு."

இதற்கு மேல் சத்தம் போட்டால் கதவு சாத்தப்படும் என்று நாத்தனாருக்குத் தெரிந்தது. அதனால் தணிந்த குரலில், "நாளைக்கு ஒரு தடவை நான் வேலை செய்யற எடத்துக்கு வாங்க. நானும் அதைத்தான் வளக்கறேன். பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றாள். டீச்சர் வந்தார். பிடிவாதம் இருந்தது, அதோடு ஆசையும் இருந்தது.

ஆய்வகத்தில் வெல்வெட்டு இல்லை. ஒரு வெதுவெதுப்பான இரும்புப் பெட்டி, ஒரு நுண்ணோக்கி, உயரமான ஒரு ஸ்டூல். நாத்தனார் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தாள்.

"இது எலியோட கருவுல இருந்து எடுத்தது. நேத்துதான் தட்டுல போட்டோம். என்ன தெரியுது?"

"உருண்டை உருண்டையா... தனித்தனியா கெடக்கு."

"அவ்வளவுதான். ஒண்ணை ஒண்ணுக்குத் தெரியாது. ஒட்டிக்க எடம் கெடைச்சதும் கொஞ்சம் கொஞ்சமா கால் நீட்டும்."

அடுத்த தட்டு. "இது கொஞ்ச நாள் ஆனது."

"எல்லாத்துக்கும் குட்டி குட்டியா முளைச்சிருக்கே. ஒண்ணு மட்டும் ஏன் நீளமா ஓடுது?"

டீச்சரின் குரலில் ஆர்வம் வந்துவிட்டது. நாத்தனார் ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டாள். "எல்லா முளையும் ஒரே மாதிரிதான் கெளம்பும் அண்ணி. அதுல ஒண்ணு முந்திக்கும். முந்தினது சேதி அனுப்பற இழையாயிடும். மத்ததெல்லாம் சேதி வாங்கற கிளை ஆயிடும். சுத்தி இருக்கிற வேற செல்லுங்க இதுங்களுக்கு ஊட்டி வளக்கும். அதுங்க இல்லேன்னா இதுங்க சரியா வளராது."

மூன்றாவது தட்டு வாரக்கணக்கில் வளர்ந்தது. டீச்சர் கண்ணை வைத்ததும் மூச்சு விடுவதைக்கூட நிறுத்திவிட்டார். உள்ளே வலை பின்னிக் கிடந்தது. எந்த இழை எங்கே தொடங்கி எங்கே போகிறது என்றே தெரியவில்லை.

"ஓர் இழை இன்னொரு செல்லோட கிளையைத் தேடிப் போகும். கிட்டப் போய் நிக்கும். ஒட்டாது. நடுவுல மயிரிழையைவிடப் பல மடங்கு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டித்தான் சேதி போகும். அந்தச் சந்திப்புக்குத்தான் சினாப்ஸ்னு பேரு. முதல்ல நிறைய சந்திப்பு உருவாகும். உபயோகப்படறது பலமாகும், மத்தது உதிர்ந்துடும். இது எல்லாம் மெதுவாத்தான் நடக்கும். அவசரப்படுத்த முடியாது."

அவள் ஒரு சுவிட்சைப் போட்டாள். சின்ன ஒலிபெருக்கியில் டிக் டிக்கென்று சத்தம். திடீரென்று மழை கொட்டுவது மாதிரி எல்லாம் சேர்ந்து ஒரு படபடப்பு. பிறகு அமைதி. மறுபடி படபடப்பு.

டீச்சர் நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "பேசுது! அங்கேயும் இதே சத்தந்தான்! என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல அண்ணி. நேத்துப் போட்ட செல்லுல இந்தச் சத்தம் இருக்காது. சந்திப்பு உண்டானப்புறம் ஒண்ணு தூண்டினா இன்னொண்ணு தூண்டப்படுது, அதான் எல்லாம் சேந்து துடிக்குது. இதுக்கு யாரையும் தெரியாது. வளந்த எலியோட மூளையில இருந்து நேரா எடுத்தாலும், பிரிச்சுப் போடும்போது பழைய சந்திப்பெல்லாம் அறுந்துடும். ஞாபகம் இருக்கறது அந்த இணைப்புலதான். தட்டுல உண்டாகறது எல்லாம் புதுசு. பொறந்த குழந்தை மாதிரி."

"அப்ப முடியில இருந்து செல் எடுக்கறதெல்லாம் பொய்யா?"

நாத்தனார் கொஞ்சம் தயங்கினாள். பொய் சொல்கிறவனுக்கு இருக்கும் வசதி உண்மை சொல்கிறவளுக்கு இல்லை. "முழுப் பொய்யில்ல. பிடுங்கின முடியோட வேர்ல இருக்கிற உயிருள்ள செல்லை மாத்தி நரம்புச் செல்லாக்க முடியும். பெரிய பெரிய ஆய்வகத்துல மாசக்கணக்கா பாடுபட்டுச் செய்யறாங்க. சீப்புல காஞ்சு கெடக்கற முடியில இருந்து இல்ல. செஞ்சாலும் அந்தச் செல் அண்ணனா ஆகாது. அது உங்களைப் பாத்ததே இல்ல."

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏதோ ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்ட முகம்.

"நீ இதுங்ககிட்ட எதையாவது கேட்டுப் பாத்திருக்கியா?"

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப கேக்காமலே பேசாதுன்னு எப்படிச் சொல்றே? அவருக்கு அந்த மொழி தெரியுது. உனக்குத் தெரியல. தெரியாததை இல்லேன்னு சொல்லாதே."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இத்தனை படிப்பும் பாடமும் கால் நீட்டின செல்லும் ஒரே ஒரு வாக்கியத்தில் தோற்றுப்போயின. தோற்றுப் போகாதா பின்னே? அந்தப் பக்கம் 'உயிரின் உயிரே' என்று கூப்பிடுகிறார்கள். இந்தப் பக்கம் எலிக் கரு!

அந்த வாரமே பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் குழந்தை விழுந்தாள். இறங்கும்போது வலிப்பு வந்து உருண்டுவிட்டாள். தாடையில் தையல், முன்பல் ஒன்று பாதி உடைந்தது. டீச்சர் வகுப்பிலிருந்து சாக்பீஸ் கையோடு ஓடினார். ஆஸ்பத்திரி டாக்டரம்மா மாத்திரையைப் பற்றிக் கேட்டதும், டீச்சர் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"திடீர்னு நிறுத்தினா என்ன ஆகும்னு தெரியுமா உங்களுக்கு? இந்தத் தடவை தாடையோட போச்சு" என்றார் டாக்டரம்மா. ஊசி போட்டு, மாத்திரையை மறுபடி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

செல்லையாவுக்குச் சேதி போனது. ஆள் அனுப்பி ஆறுதல் சொன்னார். "அப்பா ஆசையோட கட்டிப்பிடிச்சாரு. குழந்தைக்குத் தாங்கல. இன்னும் ரெண்டு குப்பி குடுத்தாப் பழகிடும்."

இதைக் கேட்டபோது நாத்தனார் கட்டிலருகே நின்றிருந்தாள். குழந்தை கட்டுப் போட்ட தாடையோடு, "அத்தை, அப்பாதான் என்னைத் தள்ளிவிட்டாரா?" என்று கேட்டாள்.

டீச்சரின் முகம் அந்தக் கேள்வியில் மாறியது. வெளியே நடைபாதைக்கு வந்ததும், "ஞாயித்துக்கிழமை வரைக்கும் டாக்டர் குடுத்ததையே போடறேன். அன்னிக்கு அவரையே கேட்டுடறேன். மாத்திரை வேணுமா வேண்டாமா, அவர் சொல்றதுதான் முடிவு" என்றார்.

"சரி அண்ணி. அண்ணனையே கேப்போம். நானும் வரேன்."

டீச்சர் சந்தேகமாகப் பார்த்தார். நாத்தனாரின் முகத்தில் கேலி இல்லை. அண்ணி சொன்ன வாக்கியத்தையே அவள் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தாள். மொழி தெரியும் என்கிறார். நல்லது. மொழி தெரியுமா என்று பார்ப்பதற்கு செல் வளர்க்கத் தெரிய வேண்டாமே!

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. ஆய்வகத்துக்காரியே செல்லையாவைத் தேடி வந்துவிட்டாள் என்று வாசலிலேயே பரப்பிவிட்டார்கள். செல்லையா வாயெல்லாம் பல். படித்தவர்கள் வந்து வணங்கினால் படிக்காதவர்களுக்குப் பத்து மடங்கு நம்பிக்கை வரும், அந்தக் கணக்கு அவருக்கு அத்துப்படி.

நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். பென் டிரைவ் ஒன்றை நீட்டினாள்.

"ஐயா, இதுல ரெண்டு சத்தம் இருக்கு. எங்க ஆய்வகத்துல நானே பதிவு பண்ணினேன். எங்களுக்கு இந்த மொழி தெரியாது. இதுல எங்க அண்ணன் என்ன சொல்றாருன்னு நீங்கதான் சொல்லணும்."

ஒரு சொல்கூடப் பொய்யில்லை, கவனியுங்கள்.

"கொண்டாம்மா! உங்க அண்ணன் அங்கயும் வந்துட்டாரா!" என்றார் செல்லையா. ஒலிபெருக்கிக்காரர் அதை வாங்கிக் கணினிப் பெட்டியில் செருகினார்.

'படபட... பட்... படபடபட... பட்.'

செல்லையாவின் கண் மூடியது. தாடி நடுங்கியது. "ஆஹா... தெளிவா இருக்காரு! 'என் உயிரின் உயிரே, குழந்தை விழுந்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்த மாத்திரையைத் தூக்கி எறி. எனக்கும் அவளுக்கும் நடுவுல அதுதான் சுவர்.'"

கூட்டம் விம்மியது. டீச்சர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார்.

இரண்டாவது சத்தம். 'படபட... பட்... படபடபட... பட்.'

"இது தங்கச்சிக்கு! 'தங்கமே, நீ தப்பான எடத்துல கஷ்டப்படறே. ஆய்வகத்தை விட்டுட்டு ஐயாகூட வந்து சேரு. உண்மையான செல் இங்கதான் இருக்கு.'" செல்லையா கண்ணைத் திறந்து புன்னகைத்தார். "பாசத்தைப் பாத்தியாம்மா!"

"பாத்தேன்யா. அந்த ரெண்டையும் இன்னொரு தடவை அடுத்தடுத்துப் போடச் சொல்லுங்க."

போட்டார்கள். முதல் தடவை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. கண்ணீர் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது. இப்போது கேட்டார்கள். முன்வரிசையில் நீதிபதி தலையைச் சாய்த்தார்.

"ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கே?"

"ஒண்ணேதாங்க. ஒரே பதிவை ரெண்டு தடவை வெச்சிருக்கேன். அதே சத்தம் ஒரு தடவை 'மாத்திரையை எறி'ன்னு சொல்லுது, இன்னொரு தடவை 'ஐயாகூட சேரு'ன்னு சொல்லுது. இது என்ன மொழி?"

செல்லையா அசரவில்லை. அசருகிறவர் இந்தத் தொழிலுக்கு வருவாரா? "சொல் ஒண்ணுதாம்மா. பாவம் வேற. 'வா'ன்னு அன்பாவும் சொல்லலாம், கோவமாவும் சொல்லலாம் இல்லையா?"

கூட்டம் தலையாட்டியது. என்ன ஒரு விளக்கம்! பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். "நாத்தனார் புத்தியைக் காட்டறா பாரு" என்று ஒரு குரல்.

நாத்தனார் கைப்பையைத் திறந்தாள். ரொட்டி வாங்கும்போது கடையில் சும்மா கொடுக்கிற பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தாள். மைக்குக்குப் பக்கத்தில் வைத்துக் கசக்கினாள்.

'படபட... பட்... படபடபட... பட்.'

அவள் மறுபடி கசக்கினாள். அதே சத்தம்.

"ஆய்வகத்துல உக்காந்து நான் பதிவு பண்ணினது இதைத்தான். செல்லு இல்ல, எலி இல்ல, எங்க அண்ணனும் இல்ல. ரொட்டிப் பை. இதைக் கேட்டுத்தான் 'உயிரின் உயிரே'ன்னு மொழிபெயர்த்தீங்க. ரொட்டிப் பை சொன்னதுன்னுதான் ஒரு குழந்தைக்கு மாத்திரையை நிறுத்தச் சொன்னீங்க."

முதலில் சிரித்தவர் ஒலிபெருக்கிக்காரர். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் வெடித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் பாதிக் கூடம் விழித்துக்கொண்டது. செல்லையாவின் முகம் மட்டும் வெளிறி, உடனே சுதாரித்துக்கொண்டது.

"ஆத்மாவுக்கு எல்லா எடமும் ஒண்ணுதான்! இன்னிக்கு அந்தப் பையில வந்து பேசியிருக்காரு! உங்க கண்ணு முன்னாடியே அற்புதம் நடந்திருக்கு, புரியலையா?"

கேட்கவே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். நாலைந்து பேர் கைகூப்பினார்கள். ஓர் அம்மாள், "அந்தப் பையை எனக்குத் தர்றீங்களா?" என்று நாத்தனாரைக் கேட்டே விட்டார்.

அப்போதுதான் டீச்சர் எழுந்தார். நேராக மேசைக்குப் போனார். நீல வெல்வெட்டைப் பிடித்து இழுத்தார். தட்டு சரிந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் தரையில் கொட்டியது. தட்டிலிருந்து கிளம்பிய வயர் மேசைக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மறுமுனை எதிலும் செருகப்பட்டிருக்கவில்லை.

தட்டு காலியாகி உருண்டு போய்க் கவிழ்ந்தது. திரையில் மட்டும் கணவர் அழகாகக் கிளைவிட்டு அசைந்துகொண்டிருந்தார்.

நீதிபதி எழுந்து ஒலிபெருக்கிக்காரரின் பக்கம் திரும்பினார். பழைய குரல் வந்துவிட்டது. "இந்தச் சத்தமும் படமும் எங்கேருந்து வருது? மறைக்காமச் சொல்லு."

"எல்லாம் இந்தப் பெட்டியில இருந்துதாங்க. படம் ஒண்ணே ஒண்ணுதான். எல்லாருக்கும் அதையேதான் போடுவோம். உங்க வீட்டம்மாவுக்கும் அதான், லிஃப்ட்காரருக்கும் அதான்."

நீதிபதி உட்கார்ந்துவிட்டார். தன் மனைவியும் அந்நிய ஆணொருவரும் ஒரே படத்தில் இருந்திருக்கிறார்கள் என்ற விஷயம் உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

செல்லையா கோட்டைக் கழற்றியபடியே பின்கதவைப் பார்த்தார். டீச்சர் குறுக்கே நின்றுகொண்டார். கத்தவில்லை. வகுப்பில் பேசுகிற மாதிரியே பேசினார்.

"அவர் அப்படியெல்லாம் பேச மாட்டாரு. முதல் நாளே எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உக்காந்திருந்தேன். கேக்கணும்னு எனக்கு ஆசையா இருந்தது. அது என் தப்பு. ஆனா என் பொண்ணு ஆஸ்பத்திரியில கேட்டா, அப்பாதான் தள்ளிவிட்டாரான்னு. அவளை ஒரு தடவைகூட அதட்டாத மனுஷன். செத்தவருக்கு இந்தப் பழியையும் சுமத்தினீங்களே, அதுக்கு என்ன மொழிபெயர்ப்பு வெச்சிருக்கீங்க?"

செல்லையாவிடம் மொழிபெயர்ப்பு இல்லை. முதல்முறையாகத் தமிழ்கூட இல்லை.

போலி மருந்து விற்றதற்காக அவரைக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். மூலையில் அடுக்கியிருந்த குப்பிகளைச் சோதனைக்கு அனுப்பினார்கள். தண்ணீர், சர்க்கரை, சாயம் என்று பதில் வந்தது. அழுதுகொண்டே அதை வாங்கிக் குடித்தவர்கள், "இனிப்பா இருந்துச்சு, அதான் சந்தேகம் வரல" என்றார்கள்.

டீச்சர் அன்று வீட்டுக்குப் போனதும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "அப்பா உன்னைத் தள்ளல. அப்பா செத்துப்போயிட்டாரு. நீ விழுந்தது அம்மா மாத்திரையை நிறுத்தினதால" என்றார். சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை நிறுத்த வேண்டியிருந்தது. குழந்தை, "சரி, இனிமே நிறுத்தாதே" என்று தண்ணீர் டம்ளரை நீட்டினாள். நாத்தனார் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் போனதிலிருந்து அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். அழுவதற்குத் தட்டு எதுவும் தேவைப்படவில்லை.

மாடிக் கூடம் இப்போது காலி. வாடகைக்கு விடப்படும் என்று எழுதியிருக்கிறது. இரண்டு தெரு தள்ளி வேறொருவர் வந்திருக்கிறாராம். இறந்தவர்களை அவர் கண்ணாடியில் காட்டுகிறாராம். வரிசை இப்போதே முனை திரும்பிவிட்டதாகச் சொல்கிறார்கள்.

போகிறவர்களிடம் ஒரு வார்த்தை. ஆய்வகத்துத் தட்டில் ஒரு செல், பக்கத்துச் செல்லைத் தேடிப் பிடித்து ஓர் இணைப்பு உண்டாக்க வாரக்கணக்கில் பாடுபடுகிறது. உங்கள் மண்டைக்குள் அந்த வேலையெல்லாம் எப்போதோ முடிந்து தயாராக இருக்கிறது. வரிசையில் நிற்கிற நேரத்தில் அதைக் கொஞ்சம் ஓடவிட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் தயவுசெய்து ஆய்வகத்துக்குக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். எலிகளையாவது விட்டுவிடலாம்.